கலைஞர்களோடு நீண்ட நேர்காணல்: பெங்களூரில் பதிவு செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓவியர், சிற்பி, பறைக் கலைஞர், இயக்குநர், படத்தொகுப்பாளர், புதுக் கருவி உருவாக்குபவர் என யாராக இருந்தாலும், அவரோடு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவர் வேலையைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து தமிழில் வெளியிட நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். பெங்களூரில் இருந்துகொண்டு இதைச் செய்பவர்களுக்கு வரும் சந்தேகங்களையே எடுத்துக்கொண்டோம். ஐந்து நிமிடப் பேட்டிக்கு இதில் பாதி தேவைப்படாது.

பெங்களூரில் கலைஞர்களை எங்கே போய்ச் சந்திப்பது?

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தை நல்ல தொடக்கம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஓவியர்களின் வேலையைப் பார்க்கலாம். ஆனால் அங்கேயே மைக்கை நீட்டாதீர்கள். அன்று அவர்கள் விற்க வந்திருக்கிறார்கள்; உங்களோடு பேசும் பத்து நிமிடத்தில் வாங்க வந்த ஒருவர் நகர்ந்துவிடுவார். படத்தை நின்று பாருங்கள், எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் கூப்பிடுங்கள். நாடகக்காரர்களுக்கு ஜே.பி. நகரில் இருக்கும் ரங்கசங்கரா நாடக அரங்கு, நாடகம் முடிந்த பிறகு அரை மணி நேரம் வெளியே நின்றாலே போதும். அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் தொடர்புகள் கிடைக்கும். தமிழ் வட்டாரத்துக்கு அல்சூர் தமிழ்ச் சங்கம். அதன் நூலகத்தில் உட்காருபவர்களிடம் விசாரித்தாலே ஸ்ரீராமபுரத்தில் யார் கூத்துக் கட்டுகிறார்கள், விவேக் நகரில் யார் பறை வாசிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

பெயர் பெற்றவரையே தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே நூறு பேட்டி கொடுத்தவரிடம் நூறு தயார் பதில்கள் இருக்கும். படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், கலை இயக்குநர், உலோக வார்ப்புக்காரர் ஆகியோரிடம் யாரும் கேட்காத விஷயங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

போவதற்கு முன் எவ்வளவு படிக்க வேண்டும்?

ஒரு மணி நேர உரையாடலுக்குக் குறைந்தது எட்டு மணி நேரத் தயாரிப்பு. அதில் பெரும்பங்கு அவர் வேலையைப் பார்ப்பதற்கே போக வேண்டும். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது அப்புறம். பழைய இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உதவும்.

ஆண்டு, வரிசை, முதல் வேலை ஆகிய மூன்றையும் நீங்களே சரிபார்த்துக்கொண்டு போங்கள். இதில்தான் தடுக்கி விழுகிறோம். பாலு மகேந்திரா இயக்கிய முதல் படம் எது என்று கேட்டால் தமிழ் வாசகர்கள் பலர் 1979-இல் வந்த 'அழியாத கோலங்கள்' என்பார்கள். அது அவருடைய முதல் தமிழ்ப் படம். இயக்குநராக அவர் தொடங்கியது 1977-இல், கன்னடத்தில், 'கோகிலா'வில். இப்படி ஒரு தகவல் பிசகினால் எதிரே இருப்பவர் திருத்துவார், அல்லது பேசாமல் விட்டுவிட்டு உங்கள் மீதுள்ள நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

எப்படிப்பட்ட கேள்விகள் வேலைக்கு ஆகும்?

செய்த பொருள் இருவருக்கும் நடுவில் இருக்கும்போது வரும் கேள்விகள். அதைவிடச் சிறந்த வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஓவியரிடம் பேசுகிறீர்களா, கித்தானுக்கு முன்னால் நாற்காலியைப் போடுங்கள். சிற்பியிடமா, உடைந்த அச்சை எடுத்து வரச் சொல்லுங்கள்.

'உங்களுக்குத் தூண்டுதல் யார்?' என்று கேட்டால் குரு, தாய், இயற்கை என்று வரும். அது பொய்யல்ல, ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் பதில். அதே ஓவியரிடம், 'வலது ஓரத்தில் இந்த நீலத்துக்கு அடியில் செம்மண் நிறம் எட்டிப் பார்க்கிறதே, முதலில் அங்கே என்ன இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து போய்க் கைவைத்துக் காட்டுவார். எதை அழித்தார், ஏன் அழித்தார், எத்தனை நாள் காயவிட்டார் எல்லாம் வரும்.

பறைக் கலைஞரோடு பேசுவதற்கு நல்ல நேரம் அவர் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும் நேரம். தீக்கு எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார், இடையிடையே விரலால் தட்டி எந்த ஒலிக்காகக் காத்திருக்கிறார், மழை நாளில் எத்தனை தடவை காய்ச்ச வேண்டியிருக்கிறது என்று அப்போதே கேளுங்கள். 'அண்ணே, விறகு நெருப்புல காட்டினா என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்வி போதும். தோல் எப்படிக் கெடும் என்பதில் தொடங்கி, கெட்டுப்போன பறைகளின் கதை வரை போவார். வலக்கையின் குட்டையான அடிக்குச்சி, இடக்கையின் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி இரண்டையும் வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். எடை தெரிந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்.

இருபது கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். எட்டு கேட்டால் போதும். தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்பவருக்கு வரிசையாகத்தான் பதில் கிடைக்கும். கையால் செய்யும் வேலையில் தொடங்குங்கள். தோல்வி, பண நெருக்கடி, கூட்டாளியோடு பிரிவு போன்றவற்றை நேரத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு தொடுங்கள். அவர் பேசி நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பல நேரம் உண்மையான பதில் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வருகிறது.

ஒரே அமர்வில் முடித்துவிடலாமா?

முடிந்தவரை வேண்டாம். தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போனால் பேசுபவரின் குரல் தளர்ந்துவிடும், கேட்பவரின் கவனமும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு அமர்வு வையுங்கள். முதலாவதைக் கேட்டுக் குறிப்பெடுத்தபின் இரண்டாவதற்குப் போனால், நழுவவிட்ட நூல்களைப் பிடிக்கலாம். டேவிட் சில்வெஸ்டர் என்ற விமர்சகர் ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனோடு 1962-இல் தொடங்கிய உரையாடலை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு சனிக்கிழமை காலை போதும்.

திரைப்படக்காரர்கள் விளம்பரப் பேச்சாகவே பேசுகிறார்களே?

படம் வெளியாகும் வாரத்தில் போனால் அப்படித்தான். அப்போது ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று ஒதுக்கியிருப்பார்கள், பக்கத்தில் விளம்பரப் பொறுப்பாளர் நிற்பார். மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள். வசூல் பேச்சு அடங்கியிருக்கும், செய்த தவறுகளும் தெளிவாகியிருக்கும்.

போகும்போது மடிக்கணினியில் அந்தப் படத்தின் ஒரே ஒரு காட்சியை, மூன்று நிமிடத்துக்கு மிகாமல், எடுத்துப் போங்கள். இருவரும் சேர்ந்து ஒருமுறை முழுதாகப் பாருங்கள். இரண்டாம் முறை வெட்டுக்கு வெட்டு நிறுத்துங்கள். இந்த ஷாட் எத்தனையாவது டேக்? எந்த லென்ஸ்? அங்கேயே பதிவான ஒலியா, டப்பிங்கா? திரைக்கதையில் இந்தக் காட்சி எங்கே இருந்தது, தொகுப்பில் எங்கே வந்து விழுந்தது? பகல் வெளிச்சம் போய்விட்டதால் எடுக்காமல் விட்டது என்ன? 1962-இல் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கோடு ஒரு வாரம் உட்கார்ந்த பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரைப் படம் படமாக, காட்சி காட்சியாகத்தான் கொண்டுபோனார். ஒருவர் ஆங்கிலம், ஒருவர் பிரெஞ்சு. நடுவில் ஹெலன் ஸ்காட் மொழிபெயர்த்தார். மொழி தடையாகும் என்று பயப்படுபவர்களுக்கு அதைத்தான் சொல்கிறோம்.

கண்டுபிடிப்பாளரிடம் பேசும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

காப்புரிமை. இதில் நீங்கள் செய்யும் ஒரு தவறு அவருடைய பல ஆண்டு உழைப்பைப் பாதிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அது வெளியில் வந்துவிட்டால், அதைக் கண்டுபிடித்தவரே சொல்லியிருந்தாலும், புதுமை போய்விடும். அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் கழகத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு 12 மாதச் சலுகை உண்டு. உங்கள் நேர்காணல் அந்தப் பட்டியலில் வராது. ஆகவே முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: 'விண்ணப்பம் போட்டாச்சா சார்? எந்தத் தேதி?'

தற்காலிக விவரக் குறிப்பு (provisional specification) மட்டும் கொடுத்திருந்தால் 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும். இங்கேதான் நுணுக்கம். தற்காலிகக் குறிப்பில் இருப்பதற்கு மட்டுமே அந்தத் தேதியின் பாதுகாப்பு உண்டு. அதற்குப் பிறகு செய்த மேம்பாட்டை அவர் உற்சாகத்தில் விளக்கிவிட்டு, நீங்கள் அதை அச்சிட்டுவிட்டால் அந்தப் பகுதி பாதுகாப்பில்லாமல் நிற்கும். பேச்சின்போது தடுக்க வேண்டாம், ஓட்டம் கெடும். முடிந்தபின் 'இதில் விண்ணப்பத்துக்குப் பிறகு சேர்த்தது எது?' என்று கேட்டு, அந்த நிமிடங்களைக் குறித்துக்கொண்டு, முழு விவரம் தாக்கலாகும்வரை நிறுத்தி வையுங்கள். புகைப்படத்திலும் இதே கவனம் வேண்டும். பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையின் சுற்று வரைபடம் பெரிதாக்கினால் படிக்கும்படி இருக்கும்.

இந்த ஊரில் பலர் நிறுவன வேலையில் இருந்தபடி கண்டுபிடிப்பவர்கள். உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போயிருக்கும். அவர் சரி என்றாலும் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள்.

'இந்தியாவிலேயே முதல்' என்ற வாசகத்தை அப்படியே போடாதீர்கள். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதத்தில் வெளியிடப்படுகின்றன. காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கர்நாடகத்தவர்களின் விண்ணப்பங்கள் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன.

'இதைக் கண்டுபிடித்தவர் இவர்' என்று எழுதலாமா?

எந்தப் பகுதியைச் செய்தார் என்று கேட்டு, அதை எழுதுங்கள். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதா அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். தமிழர்கள் பெருமையோடு சொல்வது சரிதான். ஆனால் அது பலர் கூடிச் செய்த வேலை. ஹைதராபாதின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் எந்திரம் உருவாக்கியது. 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே வழி திறந்தது. இவ்வளவு பேர் கை பட்ட பொருளை ஒருவர் தலையில் கட்டினால் மற்றவர்களுக்கு அநியாயம். 'எத்தனையாவது மாதிரி இது? முந்தையவை எங்கே? யார் சோதித்தார்?' என்று கேட்டால் கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் தானாக வந்துவிடும்.

ஒலிப்பதிவுக்கு என்ன வாங்க வேண்டும், எப்படி அமைக்க வேண்டும்?

இரண்டு கம்பிக் காலர் மைக், இரண்டு மைக் செருகும் வசதியுள்ள சின்ன ரெக்கார்டர், மூடிய வகை ஹெட்ஃபோன், 32 ஜிபி மெமரி கார்டு இரண்டு, உதிரி பேட்டரி. இதற்கு மேல் தேவையில்லை. கம்பியில்லா மைக் வசதிதான். ஆனால் அடுக்குமாடியில் சுற்றிலும் இருபது வைஃபை இருக்கும்போது, அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடும் மைக்கில் திடீரென்று சொல் விழுந்துவிடும். விழுந்த சொல்லை எந்த மென்பொருளும் மீட்காது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மைக்குக்கு மணிக்குச் சுமார் 518 எம்பி ஆகும். இரண்டு மைக், மூன்று மணி நேரம் என்றால் 3.1 ஜிபி. எம்பி3-இல் பதிவு செய்யாதீர்கள், பின்னால் இரைச்சல் நீக்கும்போது குரல் தகரம்போல ஆகிவிடும்.

மைக் தாடையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இருக்கட்டும். பட்டுப்புடவை உரசும், தாலிக்கொடியும் மணிமாலையும் தட்டும். அப்படியானால் மார்புப் பக்கம் குத்தாமல் தோள்பட்டை மடிப்பில் குத்துங்கள், கம்பியில் ஒரு சுற்று விட்டு டேப்பால் ஒட்டுங்கள். கண்ணாடி வளையல் மேசையில் படும் ஓசை கேட்கும். மேசைமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டால் தீர்ந்தது. ரெக்கார்டர் காட்டும் ஒலி அளவில், சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்க வேண்டும். சிரிக்கும்போது மைனஸ் 6 வரை போகலாம்.

பறை, தவில், உளிச் சத்தம் வேறு கணக்கு. ரெக்கார்டரை மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். சோதனைக்கு வாசிக்கச் சொன்னால் எல்லோரும் மெதுவாக வாசிப்பார்கள். உண்மையில் வாசிக்கும்போது சூடேறிவிடும். அதனால் சோதனையில் வந்த உச்சத்துக்கு மேல் 10 டெசிபெல் இடம் இருக்கும்படி பதிவு அளவைக் குறைத்து வையுங்கள். உச்சம் வெட்டுப்பட்ட ஒலி வெட்டுப்பட்டதுதான்.

கூடவே ஒரு செல்போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, அதிலும் பதிவு ஓடட்டும்.

வீட்டுச் சத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

காலை பத்தரை முதல் ஒரு மணிவரை நல்ல நேரம். பள்ளி வேன்கள் போயிருக்கும், குக்கர் விசில் தொடங்கியிருக்காது. ஏப்ரல், மே மாலைகளில் இடிமழை அடிக்கும். பட்டறைகள் பலவற்றுக்குத் தகரக் கூரைதான், மழை விழுந்தால் பதிவை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. அல்சூர், இந்திராநகர்ப் பக்கம் மெட்ரோ மேலே ஓடுகிறது, பழைய விமான நிலையமும் பக்கம். தெருவைப் பார்த்த அறையை விட்டு உள்ளறைக்குப் போங்கள். புத்தக அலமாரியோ துணி பீரோவோ உள்ள அறை எதிரொலி குறைவானது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும்போது மறக்காமல் மறுபடி போட்டுவிடுவீர்கள்.

முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.

வீடியோவும் எடுக்கலாமா?

கையை மட்டும் எடுங்கள். முகம் பேசுவதைவிடக் கை வேலை செய்வதே காட்சிக்கு உரியது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் குழல்விளக்கு துடிக்காது. லால்பாக், கப்பன் பார்க் போன்ற இடங்களில் ட்ரைபாடை விரிக்கும் முன் தோட்டக்கலைத் துறையின் அனுமதி வாங்குங்கள்.

கலைஞர் கன்னடக்காரர். ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாமா?

அவருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தாலும் கன்னடத்திலேயே பேசச் சொல்லுங்கள். கையால் செய்யும் வேலையின் சொற்கள் தாய்மொழியில்தான் இருக்கும். உங்களுக்குக் கன்னடம் போதாதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் ஆங்கிலம் புகுந்தால் இரண்டு மொழிக்கும் பொதுவான பாதிச் சொற்கள் காணாமல் போகும்.

ஒத்த ஒலி ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கன்னட இயக்குநர் 'சித்ர' என்றால் பெரும்பாலும் சினிமாவைத்தான் சொல்கிறார். தட்டச்சு செய்பவர் ஓவியம் என்று எழுதிவிடுவார். பாட்டைப் பற்றிய பேச்சில் 'சாஹித்ய' என்று வந்தால் அது பாடல் வரி, இலக்கியம் என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

சாதி, சடங்கு பற்றிக் கேட்கலாமா?

பறை, கூத்து, மண் வேலை, வார்ப்பு எல்லாம் சாதியோடு பின்னிக் கிடப்பவை. அதைத் தொடாமல் எழுதினால் பாதி உண்மைதான் எழுதினோம். ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். முடிந்தபின் மைக்கை அணைத்துவிட்டு, இதில் எது அச்சில் வரலாம் என்று தனியாகக் கேளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கு, அந்த வரியை வீட்டுக்காரர் படித்தால் என்ன ஆகும் என்ற கவலை உண்மையானது. பெயரோடு வேண்டாம் என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள், மறைமுகமாக நுழைக்காதீர்கள்.

சடங்கு இரகசியம் வேறு. கன்னடப் பஞ்சாங்கத்தின் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூர் கரகத்தைத் திகளர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்துகிறார்கள். கரகம் சுமப்பவரிடம் விரதம், பயிற்சி, மல்லிகைப்பூ அலங்காரத்தின் பாரம், இரவு முழுக்க நடக்கும் பாதை பற்றி மணிக்கணக்கில் பேசலாம். கரகத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொல்லக்கூடாததை வைத்திருப்பதும் அந்தக் கலையின் ஒரு பகுதி.

பெண் கலைஞரிடம் குடும்பம் பற்றி?

'குடும்பத்தையும் கலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்பதை ஆண்களிடமும் கேட்கிறீர்கள் என்றால் கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்விக்கான நேரத்தை அவர் வேலைக்குக் கொடுங்கள்.

பணம் தர வேண்டுமா?

தினக்கூலிக்கோ நிகழ்ச்சிக்கோ போகும் கலைஞர் உங்களுக்காக ஒரு நாளை விட்டால், அந்த நாள் கூலியைக் கொடுங்கள். பேச்சுக்கு முன்பே தொகையைச் சொல்லி, முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். சம்பளத்தில் இருப்பவருக்குத் தேவையில்லை.

பேச்சை எழுத்தாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பழகிய கைக்கே ஒரு மணி நேர ஒலிக்கு ஐந்தாறு மணி நேரம். குரல்வழித் தட்டச்சு முதல் வரைவுக்கு உதவும். ஆனால் ஆள் பெயர், ஊர்ப் பெயர், தொழில் சொல், நடுவில் வரும் கன்னடம், எண்கள் ஆகிய ஐந்தும் கட்டாயம் பிசகும். ஹெட்ஃபோனில் முழுவதையும் மறுபடி கேட்டுத் திருத்தாமல் விடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறி போட்டுக்கொண்டால் பின்னால் தேடுவது எளிது. இரண்டு அமர்வின் எழுத்து வடிவத்தில் கால் பங்கு வெளியீட்டில் நின்றால் அது ஆரோக்கியமான கணக்கு.

பேச்சுத் தமிழிலேயே போடுவதா, எழுத்துத் தமிழாக்குவதா?

இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி இல்லை. எங்கள் தேர்வைச் சொல்கிறோம். வார்ப்புச் சிற்பி ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

'அது வந்து சார், உலோகம் ஊத்துறப்ப அச்சுக்குள்ள துளி ஈரம் இருந்துச்சுன்னாகூட, அது வெடிச்சிரும், போன வாட்டி அப்டித்தான் ஆயிப்போச்சு, அதனால வரட்டி வச்சு நல்லா சுட்டுட்டுத்தான்.'

இதை 'வார்ப்பின்போது அச்சில் ஈரப்பதம் இருப்பின் வெடிப்பு நிகழும் என்பதால் முன்கூட்டியே சுடப்படுகிறது' என்று மாற்றினால் தகவல் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். யார் கையில் வெடித்தது என்பதும் போய்விடும். நாங்கள் எழுதுவது: 'சார், உலோகம் ஊற்றும்போது அச்சுக்குள் துளி ஈரம் இருந்தாலும் வெடித்துவிடும். போன வாட்டி அப்படித்தான் ஆயிப்போச்சு. அதனால் வரட்டி வைத்து நன்றாகச் சுட்ட பிறகுதான் ஊற்றுவோம்.' வினைமுற்றுகளைப் படிக்கத் தோதாக நேராக்கினோம். துளி, வரட்டி, சார், ஆயிப்போச்சு ஆகியவற்றைத் தொடவில்லை. வாக்கிய வரிசையையும் மாற்றவில்லை. கடைசியில் அவர் விழுங்கிய 'ஊற்றுவோம்' மட்டும் நாம் சேர்த்தது.

பெங்களூர்த் தமிழில் வரும் 'சக்கத்தா இருக்கு' (அருமையாக இருக்கிறது) போன்றவற்றை விட்டுவையுங்கள். அந்த ஊர்க்காரர் பேசுகிறார் என்பதற்கு அதுவே முகவரி. தொழில் சொல்லுக்கு அகராதிச் சொல்லைத் தேடாதீர்கள். கித்தானில் பூசும் அடிப்பூச்சை அவர் ஜெசோ என்றால் ஜெசோ, குங்கிலியம் என்றால் குங்கிலியம்.

வெளியிடும் முன் அவரிடம் காட்ட வேண்டுமா?

அவர் பேசிய பகுதியைக் காட்டுங்கள். ஏழு நாள் கெடு வையுங்கள். தகவல் பிழை, தொழில்நுட்பப் பிழை, இன்னொருவரைக் காயப்படுத்தும் வரி, இந்த மூன்றையும் திருத்தலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சிலர் எல்லாவற்றையும் மேடைத் தமிழாக மாற்றி அனுப்புவார்கள். அப்போது தொலைபேசியில் பழைய வரியையும் புதிய வரியையும் வாசித்துக் காட்டினால், அவர்களே பெரும்பாலும் பழையதுக்குத் திரும்பிவிடுவார்கள். உங்கள் முன்னுரையையும் கேள்விகளையும் காட்ட வேண்டிய கட்டாயமில்லை.

ஓவியம், திரைக்காட்சிப் படங்களைப் போட யாரிடம் அனுமதி?

ஓவியத்தை விற்றுவிட்டாலும் அதன் பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கிறது. வாங்கியவருக்குப் பொருள் மட்டும்தான் சொந்தம். ஆகவே ஓவியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். திரைப்படத்துக்கு உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கும்; இயக்குநர் 'தாராளமாகப் போடுங்கள்' என்றாலும் அது போதாது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடலாம். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்கு யாரையும் கேட்க வேண்டாம்.

படத்தை ஓரம் வெட்டிப் போடாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைக் கலைஞருக்குக் கொடுத்திருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் வெண்கலச் சுவர்ச் சிற்பம் பெயர்க்கப்பட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவின்படியே அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பக்க வடிவமைப்புக்காக வெட்ட வேண்டுமென்றால் 'பகுதி' என்று படத்துக்கடியில் போடுங்கள்.

ஓவியத்தை நிறம் மாறாமல் படமெடுப்பது எப்படி?

ஒரே வகை விளக்கு இரண்டு, இருபுறமும் 45 டிகிரியில். ஜன்னல் வெளிச்சத்தையும் குழல்விளக்கையும் கலக்காதீர்கள். ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் ஏறும். முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றை ஓவியத்தின் ஓரத்தில் வைத்து எடுங்கள், அதை வைத்து நிறத்தைச் சரிசெய்யலாம். கேமரா ஓவியத்தின் நடு உயரத்தில், சுவருக்கு நேர் இணையாக இருக்கட்டும். கண்ணாடி போட்ட ஓவியமென்றால் நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

படக்குறிப்பில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, படமெடுத்தவர். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு, சென்டிமீட்டரில்.

ஒலிக்கோப்புகளை என்ன செய்வது?

வீடு திரும்பியதும், சாப்பிடும் முன்பே, மூன்று பிரதி: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ நண்பர் வீட்டிலோ ஒன்று. மூன்றையும் திறந்து கேட்டுப் பார்க்கும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், கலைஞர் பெயர், அமர்வு எண் இந்த வரிசையில் இருந்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாளைப் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். எங்கே வெளியிடலாம், எதை நிறுத்தி வைக்கச் சொன்னார், எந்தத் தேதிவரை என்பது அந்தத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். வெட்டாத முழுப் பதிவின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டுக் கலைஞருக்குக் கொடுங்கள்.